முறுக்குத் துலாவும் கௌரிபிதனூரும்

நிறுத்தலும் அளத்தலும் மக்கள் வாழ்வில் நாள்தோறும் நிகழ்வன. உப்பையும் புளியையும் நிறுக்க ஒரு தராசு. பொன்னை நிறுக்க அதனினும் நுண்ணிய தராசு. நடுவுநிலைமைக்கே துலாக்கோலை உவமையாகக் கொண்டது நம் முன்னோர் மரபு. அவ்வாறாயின், நாம் நிற்கும் இப்புவியையே நிறுக்க வேண்டின் எத்தராசைக் கொள்வது? அதனை எங்கே தொங்கவிடுவது? மறுதட்டில் எந்த எடைக்கல்லை வைப்பது?

இவ்வினாவுக்கு ஒருவர் விடை கண்ட வரலாற்றையும், அதே வகைத் துலாவால் பின்னர் பெற்ற விடைகளைப் பிறர் ஐயுற்ற வரலாற்றையும், அவ்வையத்தைத் தீர்ப்பதில் நம் பெங்களூருக்கு அண்மையிலுள்ள கௌரிபிதனூர் கொண்ட பங்கையும் இவ்வாண்டு மலரில் எழுத முற்பட்டோம். நாம் விஞ்ஞானம் துறைபோகக் கற்றவர் அல்லோம். பள்ளியிறுதி வகுப்போடு ஏட்டுக்கல்வியை முடித்துக்கொண்டு இரயில்வேயில் எழுத்தராய்ப் பணிபுரிபவரே. ஆயினும் எழுதத் துணிந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. அதனை முதற்கண் கூறிவிடுகிறோம்.

ஓர் இளைஞரின் வினா

நம் சங்கப் படிப்பகத்தில் ஞாயிறுதோறும் மாலையில் குடியிருப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவது வழக்கம். சென்ற ஆண்டு ஒரு ஞாயிறன்று, புவியீர்ப்பைப் பற்றிய பாடத்தில் காவெண்டிஷ் என்பாரின் பெயர் வந்தது. கேட்டுக்கொண்டிருந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் எழுந்து நின்றார்.

"மாமா, இரண்டு ஈயக் குண்டுகளைத் தொங்கவிட்டு உலகத்தையே நிறுத்துவிட்டேன் என்று ஒருவர் சொன்னால் நாம் எப்படி நம்புவது? காற்றுப் பட்டுக் கம்பி அசைந்திருக்கலாம். காந்தம் இழுத்திருக்கலாம். பூட்டிய அறைக்குள் அவர் ஒருவர் பார்த்ததுதானே சாட்சி?" என்று வினவினார்.

சிலர் நகைத்தனர். பெரியவர் ஒருவர், "இருநூறு ஆண்டுகளாக உலகம் ஒப்புக்கொண்டதை நீ மறுக்கப் போகிறாயோ? உட்கார்" என்றார். நாமும் அருகில்தான் இருந்தோம், வாய் திறந்தோமில்லை. இளைஞர் அமர்ந்தார். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

"உட்கார்" என்னும் அந்த ஒரு சொல் நம்மை உறுத்திக்கொண்டே இருந்தது. பதினைந்து வயதில், சொந்த ஊரில் பயிலும் நாளில், "இந்த எண்ணை யார் ஐயா அளந்தார்?" என்று கேட்டு நாமும் அதே சொல்லைப் பெற்றதுண்டு. அன்று அமர்ந்த நாம் அதன்பின் வகுப்பில் எழுந்து ஒன்றும் கேட்டதில்லை.

நம் அலுவல் பார்சல்களின் எடையோடு இயைந்தது. எடை தவறு என்று வணிகர் ஒருவர் சினந்து கூறினால், அவரை நாம் அதட்டுவதில்லை. முத்திரையிட்ட எடைக்கற்களை எடைமேடையில் ஏற்றி, அவர் கண்முன்னே சரிபார்த்துக் காட்டுகிறோம். மூட்டைக்குக் காட்டும் பொறுமையைப் பிள்ளைக்குக் காட்டத் தவறினோமே என்று நாணினோம். ஆகவே நூல்களைத் தேடிப் படிக்கலானோம். படித்தபின் நம் நாணம் இரு மடங்காயிற்று. அவ்விளைஞர் கேட்ட வினாக்கள் அனைத்தையும் அவருக்கு முன்னரே கேட்டவர் ஒருவர் இருந்தார். அவர் வேறு எவரும் அல்லர், காவெண்டிஷே ஆவார்!

தோட்டத்துக் கொட்டகையில்

புவியின் பொருள் நீரைப்போல் ஐந்து அல்லது ஆறு மடங்கு அடர்த்தி உடையதாதல் வேண்டும் என்று 1687-ஆம் ஆண்டு வெளிவந்த தம் பெருநூலில் நியூட்டன் கருத்துரைத்தார். அது மதிநுட்பத்தால் கூறிய மதிப்பீடே, அளவை அன்று. 1774-இல் மாஸ்கெலின் என்னும் வானநூலார் ஸ்காட்லாந்திலுள்ள ஷீஹாலியன் மலையருகே தூக்குநூலைத் தொங்கவிட்டு, மலை அந்நூலைத் தன்பால் எவ்வளவு ஈர்க்கின்றது என்று கண்டார். அக்கணக்கிலிருந்து ஹட்டன் என்பார் 1778-இல் பெற்ற விடை ஏறத்தாழ நாலரை மடங்கு. எனினும், மலையின் வயிற்றினுள் எவ்வகைப் பாறை எவ்வளவு உள்ளது என்று எவரும் திறந்து பார்க்க இயலாதன்றோ? ஆதலின் அவ்விடையில் ஐயம் நின்றது.

மலைக்கு மாற்றாக, எடை நன்கறிந்த ஈயக் குண்டையே கொள்ளலாம் என்று கருதியவர் ஜான் மிச்செல் என்னும் ஆங்கிலேயப் பாதிரியார். அதற்கென ஒரு கருவியைச் செய்து முடித்து, சோதனையைத் தொடங்கும் முன்னரே 1793-இல் அவர் இறந்தார். கருவி ஹென்றி காவெண்டிஷின் கைக்கு வந்தது. இவர் 1731-இல் பிறந்து 1810-இல் மறைந்தவர்; பெருஞ்செல்வர்; பிறரோடு பேசவும் கூசும் இயல்பினர். இலண்டன் நகர்ப்புறத்தில் கிளாபம் என்னுமிடத்தில், தம் தோட்டத்துக் கொட்டகையில், 1797-ஆம் ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் இச்சோதனையை நிகழ்த்தினார். அப்போது அவருக்கு வயது அறுபத்தைந்தைக் கடந்திருந்தது.

கருவியின் அமைப்பு எளிது. 6 அடி நீளமுள்ள மரக்கோல் ஒன்று; அதன் இரு முனைகளிலும் 2 அங்குல விட்டமுள்ள ஈயக் குண்டுகள். கோலின் நடுவைப் பற்றி மெல்லிய கம்பி ஒன்று மேலிருந்து தொங்கும். சற்றே தள்ளினாலும் கோல் படுக்கை நிலையில் சுழலும். முறுக்குண்ட கம்பி அதனை மீட்டு இழுக்கும். ஆதலின் இதனை முறுக்குத் துலா என்பர். இதனருகே 12 அங்குல விட்டமும் ஏறத்தாழ 158 கிலோகிராம் எடையும் உள்ள பெரிய ஈயக் குண்டுகள் இரண்டினைக் கொண்டுவந்தால், அவை சிறு குண்டுகளைத் தம்பால் ஈர்க்கும். கோல் இம்மியளவு திரும்பும். அத்திருப்பம் ஏறத்தாழ 4 மில்லிமீட்டரே. ஈர்க்கும் விசையோ சிறு மணல் துகள் ஒன்றின் எடைக்கு ஒப்பானது.

கோல் தானாக ஊசலாட எடுத்துக்கொள்ளும் நேரத்திலிருந்து கம்பியின் விறைப்பைக் கணித்தார். விறைப்பும் திருப்பமும் தெரிந்தால் விசை தெரியும். பெரிய குண்டு சிறு குண்டை ஈர்க்கும் விசை இவ்வளவு. புவி அதே சிறு குண்டை ஈர்க்கும் விசை, அஃதாவது அதன் எடை, இவ்வளவு. இவ்விரண்டையும் ஒப்பிடவே புவியின் அடர்த்தி பெறப்பட்டது. மறுதட்டில் வைக்கும் எடைக்கல் ஈயக் குண்டாயிற்று.

இனி இளைஞரின் ஐயங்களுக்கு வருவோம். காற்று அசைத்திருக்கலாம் அன்றோ? அசைக்கும் என்று காவெண்டிஷ் அறிந்திருந்தார். ஒருவர் அறையினுள் நின்றால், அவர் உடல் வெப்பத்தாலேயே காற்று எழுந்து ஓடும். ஆகவே கருவியை மரப்பெட்டியுள் அடைத்து, அப்பெட்டியை மூடிய அறையுள் வைத்து, வெளியிலிருந்து கப்பிகளால் பெரிய குண்டுகளை நகர்த்தி, சுவரிலிட்ட துளைவழியே தொலைநோக்கியால் அளவைப் பார்த்தார். அறையை மூடியது மறைப்பதற்கன்று, தம்மையே விலக்கிக்கொள்வதற்கு. குண்டுகளை விளக்கால் வெதுவெதுப்பாக்கி, வெப்பம் எவ்வளவு கெடுதல் செய்யும் என்றும் தனியே ஆராய்ந்தார். காந்தம் ஈர்த்திருக்கலாம் அன்றோ? அதனையும் ஐயுற்று, பெரிய குண்டுகளைத் தாங்கிய இரும்புத் தண்டுகளை நீக்கிச் செப்புத் தண்டுகளை இட்டுப் பார்த்தார். அவர் ஒருவரே சாட்சியோ? 29 முறை பெற்ற விடைகளையும், பெற்ற வழியையும், தம் ஐயங்களையும் மறைக்காது 1798-இல் இலண்டன் அரச கழகத்தின் ஏட்டில் வெளியிட்டார். விரும்பியவர் மீண்டும் செய்து பார்க்கலாம் என்பதே அதன் பொருள்.

ஒரு கூட்டல் பிழை

மீண்டும் செய்து பார்த்தவர் உளர். பிரான்சிஸ் பெய்லி என்பார் 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இச்சோதனையைப் புதிதாக நிகழ்த்தினார். அவர் காவெண்டிஷின் கணக்கையும் வரிவரியாகச் சரிபார்த்தார். காவெண்டிஷ் அறிவித்த விடை 5.48, நீரைப்போல் அத்துணை மடங்கு என்பது பொருள். ஆனால் 29 விடைகளையும் கூட்டிச் சராசரி கண்டால் 5.448 தான் வருகின்றது! 4.88 என்றிருந்த ஒரு விடை, கூட்டும்போது 5.88 ஆகிவிட்டதே காரணம். கணக்கேடு எழுதும் எழுத்தர்கள் இதனைப் படித்து நெஞ்சாறக் களிப்பர் என்பதில் ஐயமில்லை. உலகம் போற்றும் பேரறிஞரும் ஓர் எண்ணைப் பிழைபடக் கூட்டினார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அப்பிழை அச்சில் நின்றது.

இதனினும் வியப்பு ஒன்றுண்டு. பிழையைக் கண்டுபிடித்த பெய்லி தம் சோதனையில் பெற்ற விடை ஏறத்தாழ 5.67. இக்காலத்தார் ஒப்பும் அளவு 5.51. ஆகவே, குற்றம் கண்டவர் விடையைவிடக் குற்றம் செய்தவர் விடையே உண்மைக்கு அண்மையது. பிறர் பிழையைக் காண்பதற்கும் தாம் சரியாக அளப்பதற்கும் உள்ள தொலைவை இஃது காட்டுகின்றது.

மற்றொன்றும் கூறுதல் வேண்டும். பாடப்புத்தகங்கள் சில, ஈர்ப்பு மாறிலியைக் காவெண்டிஷ் அளந்தார் என்று எழுதுகின்றன. அவர் தேடியது புவியின் அடர்த்தியையே. மாறிலி என்னும் வடிவில் அதனை எழுதும் வழக்கம் ஒரு நூற்றாண்டு கழித்தே நிலைபெற்றது.

அங்கேரியரின் அளவை

முறுக்குத் துலாவை அடுத்த பெரும் வினாவுக்குப் பயன்படுத்தியவர் அங்கேரி நாட்டு லோராண்ட் ஏட்வேஷ். புவி எல்லாப் பொருளையும் ஒரே விதமாக ஈர்க்கின்றதா, அன்றிச் செம்புக்கு ஒரு நீதி, மரத்துக்கு ஒரு நீதி என்று வேறுபாடு காட்டுகின்றதா என்பதே அவ்வினா. கோலின் இரு முனைகளிலும் வெவ்வேறு பொருள்களை வைத்தார். புவியின் ஈர்ப்பும், புவி சுழல்வதால் எழும் வெளித்தள்ளு விசையும் அவற்றின்மீது ஒருங்கே செயற்படும். ஈர்ப்பு பொருளுக்குப் பொருள் வேறுபடுமாயின், கோல் சிறிதேனும் திரும்பியே தீரும். பிளாட்டினம், செம்பு, மரம், விலங்குக் கொழுப்பு முதலிய பலவற்றைப் பெக்கார், ஃபெக்கெத்தே என்னும் இருவர் துணையோடு அவர் ஆராய்ந்தார். வேறுபாடு இல்லை என்பது முடிவு. 1919-இல் ஏட்வேஷ் மறைந்தார்; முழு அறிக்கை 1922-இல் வெளிவந்தது. ஐன்ஸ்டீனின் ஈர்ப்புக் கொள்கைக்கு அடிப்படையாய் உள்ள கருத்துக்கு அது பெருந்துணையாக எண்ணப்பட்டது.

அறுபத்து நான்கு ஆண்டுகள் சென்றன. 1986-ஆம் ஆண்டு சனவரியில், அமெரிக்காவில் எஃப்ரைம் ஃபிஷ்பாக் என்பவரும் அவர்தம் கூட்டாளிகளும் அப்பழைய அறிக்கையின் எண்களை மீண்டும் எடுத்து ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஏட்வேஷ் பிழை என்று ஒதுக்கிய மிகச் சிறு வேறுபாடுகள் தாறுமாறானவை அல்ல. பொருள்களின் அணுக்கரு இயல்பிற்கேற்ப ஒழுங்காகக் கூடிக் குறைகின்றன என்றனர். ஈர்ப்பு, மின்காந்தம், அணுக்கருவினுள் இயங்கும் இரு விசைகள் ஆகிய நான்கினும் வேறாக, சில நூறு மீட்டர்த் தொலைவளவில் செயற்படும் ஐந்தாம் விசை ஒன்று இருத்தல்கூடும் என்றும் கூறினர்.

இதற்கிடையே அமெரிக்காவிலும் இரஷ்யாவிலும் ஏட்வேஷினும் நுட்பமான சோதனைகள் நடந்திருந்தன. அவை சூரியனின் ஈர்ப்பைத் துணைக்கொண்டவை. சில நூறு மீட்டரில் அடங்கும் விசை சூரியனிலிருந்து இங்கு எட்டாது. ஆதலின் அச்சோதனைகளால் இவ்வையத்தைத் தீர்க்க இயலவில்லை. உலகின் பல மூலைகளிலும் மலைச்சரிவுகளிலும் சுரங்கங்களிலும் புதிய சோதனைகள் தொடங்கின. சிலர் விசை உண்டு என்றனர். பலர் இல்லை என்றனர்.

கௌரிபிதனூர்

பெங்களூரிலிருந்து எலகங்கா, தொட்டபள்ளாபுரம் வழியாக இந்துப்பூர் செல்லும் இருப்புப்பாதையை நம் குடியிருப்பினர் நன்கறிவர். மாக்களிதுர்கத்துக் குன்றுகளைக் கடந்து, வட பெண்ணையாற்றங்கரையில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர்த் தொலைவில் உள்ளது கௌரிபிதனூர். நில அதிர்ச்சியை உணரும் கருவித் தொகுதி ஒன்றை அணுசக்தித் துறையினர் 1965-இல் இவ்வட்டாரத்திலேயே நிறுவினர்.

இங்கு நிலத்தடியில் அமைந்த ஆய்வுக்கூடத்தில், பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ராமநாத் கௌசிக், கிருஷ்ணன், தாண்டன், உன்னிகிருஷ்ணன் ஆகியோர் முறுக்குத் துலாவைத் தொங்கவிட்டு ஐந்தாம் விசையைத் தேடினர். துலாவின் ஒரு பாதியில் ஓர் உலோகம், மறு பாதியில் வேறோர் உலோகம். ஐந்தாம் விசை இருக்குமாயின் ஒரு பாதியை மிகுதியாகவும் மறு பாதியைக் குறைவாகவும் இழுத்து, துலாவைத் திருப்பும். கிளாபம் கொட்டகையில் இருந்த அதே கருத்து, அதே கம்பி, இருநூறு ஆண்டு நுட்பம் ஏறிய வடிவில் நம் அண்டை ஊரில் தொங்கியது! 1988-இல் அவர்கள் முதல் முடிவை வெளியிட்டனர். 1990-இல் மேலும் நுட்பமான முடிவை வெளியிட்டனர். தாங்கள் தேடிய விசைக்கு அடையாளம் இல்லை என்பதே அம்முடிவு. ஐயம் வெளிவந்த அதே அமெரிக்க ஏட்டில் இவ்விடையும் வெளிவந்தது. கௌசிக் பின்னாளில் நம் பெங்களூரிலுள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் இயக்குநராகவும் விளங்கினார்.

அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் நிகழ்ந்த சோதனைகளும் இவ்வாறே முடிந்தன. 2016-இல் பிரெஞ்சு நாட்டினர் விண்ணில் ஏவிய செயற்கைக்கோளில் டைட்டானியத்தையும் பிளாட்டினத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, ஆயிரம் இலட்சம் கோடியில் சில பங்கு அளவுக்கும் வேறுபாடு இல்லை என்று 2022-இல் அறிவித்தனர். ஏட்வேஷின் முடிவு நின்றது. அவ்வாறாயின் ஃபிஷ்பாக்கின் ஐயம் வீணோ? வீணன்று. அவ்வையம் எழுந்திராவிடின் இத்துணைக் கருவிகள் தொங்கியிரா. இத்துணை நுட்பமும் கைவந்திராது.

ஐயத்தின் கதை இன்னும் முடிந்துவிடவில்லை. 2018-இல் சீன விஞ்ஞானிகள் இரண்டு முறைகளால் ஈர்ப்பு மாறிலியை அளந்தனர். ஒவ்வொன்றும் மிக நுட்பமானது; ஆயினும் இரு விடைகளும் முழுதும் ஒத்துவரவில்லை. உலகம் இன்று ஒப்பும் அளவிலும் பத்து இலட்சத்தில் 22 பங்கு ஐயம் உண்டு. 100 கிலோ மூட்டையில் 2 கிராம் என்று கொள்ளலாம். பார்சல் அலுவலகத்துக்கு அது பெரிதன்று. இயற்கையின் அடிப்படை எண்களுள் ஒன்றுக்கோ அது பெருங்குறை.

நடைமேடையில் கண்டது

இவ்வளவும் படித்தபின் இளைஞரின் இல்லம் சென்றோம். "தம்பி, அன்று உம்மை உட்காரச் சொன்னபோது நாமும் வாளாவிருந்தோம், அது தவறு" என்று கூறி, ஒரு விடுமுறை நாளில் அவரை அழைத்துக்கொண்டு பாசஞ்சர் வண்டியில் கௌரிபிதனூர் சென்றோம். ஆய்வுக்கூடத்தினுள் செல்வது நம் நோக்கமன்று. அவ்வூர் மண்ணில் நின்று இக்கதையைச் சொல்லவே விரும்பினோம். நிலையத்து இருக்கையில் அமர்ந்து, நீர் நிறைந்த குவளையை அருகில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தோம். அப்போது நீண்டதொரு சரக்கு வண்டி கடந்து சென்றது. இளைஞர் பேச்சை நிறுத்திக் குவளையையே உற்று நோக்கினார். நீரின்மேல் வட்டவட்டமாய்ச் சிற்றலைகள் எழுந்துகொண்டிருந்தன. வண்டி கண்ணுக்கு மறைந்தபின்னும் சிறிது நேரம் அவை அடங்கவில்லை.

"மாமா, இந்த அதிர்வுக்கே நீர் இப்படி ஆடுகிறதே! மணல் துகள் எடையை அளக்கிற கம்பி என்ன பாடுபடும்? அதனால்தான் நிலத்தடிக்குப் போனார்களா?" என்றார்.

நாம் சொல்ல எண்ணியிருந்ததை அவரே சொல்லிவிட்டார்.

அடுத்த ஞாயிறு அவர் படிப்பகம் வந்தார். இப்போது தம் வீட்டு அறையில் தூண்டில் நரம்பில் ஒரு கோலைத் தொங்கவிட்டு ஈயத் துண்டுகளின் ஈர்ப்பைக் காண முயல்கிறார். குறிப்பேடு ஒன்றும் வைத்திருக்கிறார். மின்விசிறி சுழன்றபோது இவ்வளவு ஆட்டம்; அன்னையார் கதவு திறந்தபோது இவ்வளவு; வெயில் சன்னலில் விழுந்தபோது இவ்வளவு என்று நாள், மணி குறித்து எழுதி வருகிறார். ஈர்ப்பை இன்னும் அவர் கண்டாரில்லை. ஆயினும் காவெண்டிஷ் எவற்றோடு போராடினார் என்பதை நம்மினும் நன்கு அறிந்துவிட்டார்.

நம் குடியிருப்புப் பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்தவர் நாம். பிள்ளைகளுக்கு நிலபுலம் வைத்துச் செல்வார் நம்முள் சிலரே. கல்வியே நாம் வைக்கும் சொத்து. பிள்ளை எழுந்து வினவினால், உட்காரச் சொல்லி அச்சொத்தைக் குறைத்துவிடாதீர். விடை தெரியாதாயின், "வா, தேடுவோம்" என்று கூறுவதில் பெரியோர்க்கு இழுக்கு ஒன்றுமில்லை.

இளைஞர்க்கும் ஒரு சொல். ஐயுறுதல் நும் உரிமை. ஆனால் அவ்வையத்தோடு ஒரு கடனும் பிறக்கின்றது. காவெண்டிஷை ஐயுற்றவர் மீண்டும் அளந்தனர். ஏட்வேஷை ஐயுற்றதற்கு விடை காண உலகெங்கும் பலர் ஆண்டுக்கணக்கில் உழைத்தனர். அளக்காமல் மறுப்பது சோம்பல். அளந்து மறுப்பது அறிவு. அளந்தபின் ஒப்புக்கொள்வது அதனினும் சிறந்த அறிவு.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!